பழைய ஸ்டேஷன் பலகைக்கு முதலில் ஒரு வருஷம் வேண்டும்

போன மாதம் ஒரு ஸ்டேஷனில் புதிதாக மாட்டியிருந்த 'பாரம்பரிய'ப் பலகை ஒன்றைப் பார்த்தேன். காப்பிப்பொடி நிறம், ஓரத்தில் ஜரிகை மாதிரி தங்கக் கோடு. மேலே சுருள் சுருளான எழுத்தில் தென்னிந்திய ரயில்வே. நடுவில் ஊர்ப் பெயர். கீழே கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர். பக்கத்தில் நின்ற தம்பிதான் எழுதியவன். "இது எந்தக் காலத்துப் போர்டுப்பா?" என்றேன். "பழைய காலம்ணே" என்றான்.

தென்னிந்திய ரயில்வே என்ற பெயர் 1951 ஏப்ரல் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அன்று முதல் தெற்கு ரயில்வே. மீட்டர் கணக்கு சட்டமானது 1956-இல், பலகைகளில் ஏறியது அதற்கும் பிறகு. அதற்கு முன்னால் எல்லாம் அடிதான், மைல்தான். அந்தத் தம்பி எழுதியதில் மேல் வரியும் கீழ் வரியும் ஒரு நாள்கூட ஒரே பலகையில் சேர்ந்து நின்றிருக்க முடியாது. பெயிண்ட் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கை நல்ல கை. வருஷத்தைத்தான் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

நான் போர்டு எழுதுகிறவன். அப்பாவின் பிரஷ்களைக் கழுவிக் கழுவிக் கற்ற தொழில். ஃபிளெக்ஸ் வந்ததும் கடை போர்டு வேலை போயிற்று. இப்போது பழைய ஸ்டேஷன்களைப் பழையபடி ஆக்குகிற இடங்களில்தான் எனக்கு வேலை. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் நிறத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதைப் பிறகு பேசலாம்.

எந்த வருஷம் என்று முடிவு செய்வது

"வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன் மாதிரி வேண்டும்" என்பார்கள். அது ஏறக்குறைய நூறு வருஷம். ராயபுரம் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1856-இல் திறந்தபோது அது மெட்ராஸ் ரயில்வே. 1908-இல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா. பிறகு தெற்கு ரயில்வே. ஒரே கட்டடம், மூன்று பெயர். எதை எழுதுவது?

அதனால் ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1935 என்று வைத்துக்கொண்டால், அந்த ஸ்டேஷனில் நீங்கள் தொடுகிற ஒவ்வொன்றும் 1935-க்குப் பதில் சொல்ல வேண்டும். நான் சரிபார்க்கிறவை இவை.

கம்பெனிப் பெயர், மேலே சொன்னபடி. உயரமும் தூரமும் அடியா மீட்டரா. கட்டணப் பலகை வைக்கிறார்களா? 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் என்றால் ரூபாய், அணா, பை. அந்தப் பை நம் பைசா இல்லை, ஊரில் தம்பிடி என்பார்களே அது. பன்னிரண்டு தம்பிடி ஓரணா, பதினாறு அணா ஒரு ரூபாய். 0-3-6 என்று எழுதினால் மூன்றணா ஆறு தம்பிடி. 'ரூ. 3.50' என்று புள்ளி வைத்தால் கதை கெட்டது. வெயிட்டிங் ரூம், டிக்கெட் ஜன்னல் பலகைகளில் மூன்றாம் வகுப்பு உண்டா? 1974-இல் அதை எடுத்துவிட்டார்கள், அதற்கு முந்திய வருஷம் என்றால் கட்டாயம் வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்கு அடியில் 'இந்திய நேரம்' என்று எழுதச் சொல்கிறார்களா? அது வந்தது 1906 வாக்கில். அதற்கு முன்னால் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில், இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் பின்னால். நீலகிரி மலை ரயில் 1899-இல் குன்னூருக்கு ஏறியபோது அங்கே கடிகாரம் காட்டியதும் அந்த மெட்ராஸ் நேரம்தான்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலை ரயில் 326 மீட்டரில் கிளம்பி 2203 மீட்டருக்குப் போகிறது. கால்குலேட்டரில் தட்டினால் 2203 மீட்டர் 7228 அடி. அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். பழைய சர்வேக்காரர் வேறு இடத்தில் அளந்திருப்பார், வேறு எண் வந்திருக்கும். பழைய கால அட்டவணையிலோ படத்திலோ இருக்கிற எண்தான் எண். கிடைக்காவிட்டால் உயர வரியே வேண்டாம்.

வருஷத்தைக் கண்டுபிடிக்கத் தடயங்கள் ஸ்டேஷனிலேயே கிடக்கும். பிளாட்பாரக் கூரையைத் தாங்கும் தூண்களையும், பெயர்ப்பலகையைத் தாங்கும் கால்களையும் பாருங்கள். பாதி இடங்களில் அது தேய்ந்த பழைய தண்டவாளம். தண்டவாளத்தின் இடுப்பில் உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்து நிற்கும். பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி மொழுக்கென்று இருந்தால், ஒரு வெள்ளைத் தாளை வைத்து மேலே பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், எழுத்து வந்துவிடும். ஆனால் ஒன்று: அது தண்டவாளம் பிறந்த ஆண்டு. இருபது முப்பது வருஷம் ரயிலைச் சுமந்த பிறகுதான் தூணாகியிருக்கும். 'இதற்கு முன்னால் இல்லை' என்று சொல்ல மட்டும்தான் அது உதவும்.

பழைய படம் கிடைத்தால் எல்லாரும் குதிப்பார்கள். நானும் குதிப்பேன். எழுத்து வடிவம், வரி அமைப்பு, ஆணி எங்கே என்பதற்கெல்லாம் படத்தை நம்பலாம். நிறத்துக்கு நம்பாதீர்கள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நீலம் வெளுத்துத் தெரியும், சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டுதான் விழும். படத்தில் கறுப்பாக இருக்கிறதே என்று கறுப்பு அடித்துவிட்டு, பிறகு சுரண்டிப் பார்த்தால் கீழே செங்காவி இருக்கும். பட்ட பிறகுதான் சொல்கிறேன்.

நேரில் பார்த்துப் பழக, சென்னை ஐ.சி.எஃப். ரயில் மியூசியத்துக்கும் திருச்சி ரயில்வே மியூசியத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஒரு டேப், ஒரு நோட்டு போதும். எழுத்தின் உயரம், தடிமன், ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். போனில் எடுத்த படம் அளவு சொல்லாது.

சுரண்டுவது

பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கும். பலகை மஞ்சளே அந்த நாளில் ஈயத்தில் பிறந்ததுதான். ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்தது 2016-இல். அதற்கு முந்திய எந்தப் பூச்சையும் ஈயம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தூசி பறக்க விடாதீர்கள். புளோ லாம்ப் வைத்துச் சுடவே கூடாது. வாட்டர் பேப்பர், ஒரு கிண்ணம் தண்ணீர், நல்ல மாஸ்க், கீழே பிளாஸ்டிக் ஷீட். கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள். எங்கள் அப்பா தலைமுறையில் வயிற்றுவலி இல்லாத பெயிண்டர் குறைவு.

ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டம். நடுவில் அழுத்தமாக, ஓரத்துக்கு வர வர லேசாகத் தேய்க்க வேண்டும். குழி மாதிரி வரும். அறுத்த வெங்காயம்போல வளையம் வளையமாக ஒவ்வொரு பூச்சும் தெரியும். உள்வளையம் மூத்தது, வெளிவளையம் நேற்றையது. ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தடவினால் நிறங்கள் எழுந்து நிற்கும். அப்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து.

ஒரே இடத்தில் தேய்த்து முடிவுக்கு வராதீர்கள். வெறும் தளத்தில் ஒன்று, எழுத்தின் மேல் ஒன்று, சட்டத்துக்கு அடியில் மறைந்த ஓரத்தில் ஒன்று. நிறத்தை மூன்றாவதில்தான் பார்க்க வேண்டும். குரோம் மஞ்சள் வெயில்பட்டுக் கருக்கும். வெளியே கடுகு நிறத்தில் தெரிவது சட்டத்துக்கு அடியில் எலுமிச்சை நிறத்தில் இருக்கும். ஒரு பலகைக்கு நான் கடுகு நிறம் கலந்து அடித்துவிட்டு, சட்டத்தைக் கழற்றியபோது கீழே வேறு மஞ்சள் சிரித்தது. மறுபடி முதலிலிருந்து.

எழுத்து அழிந்த சுவரா? ராத்திரி போங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் அடியுங்கள். எழுத்து இருந்த இடம் மழை வெயிலில் குறைவாகத் தேய்ந்திருக்கும், மயிரிழை மேடாக நிற்கும், நிழல் விழும். சுண்ணாம்புச் சுவர் என்றால் லேசாகத் தண்ணீர் தெளித்தாலும் தெரியும். காயும்போது எழுத்தும் தளமும் ஒரே நேரத்தில் காயாது, அந்த ஒரு நிமிஷத்தில் படம் எடுத்துவிட வேண்டும்.

இப்போது ஒரு தார் கதை. ஒரு ஸ்டேஷனில் பிளாட்பார முனையிலிருந்து கழற்றி, குடோனில் சாத்தியிருந்த இரும்புப் பலகை. மூன்று வரி: தமிழ், இந்தி, ஆங்கிலம். தமிழ் வரியில் ஐந்து வளையம், ஆங்கிலத்தில் ஐந்து. நடு வரியில் ஆறு. அந்த ஆறாவது, கறுப்பாக, பிசுபிசுவென்று. டர்பன்டைன் துணியை வைத்ததும் பழுப்பாகக் கரைந்து ஓடியது. பெயிண்ட் அப்படி ஓடாது. முகர்ந்து பார்த்தேன், தார்.

ஐம்பதுகளில் பெரியார் சொல்லி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்களே, அந்தத் தாராக இருக்கும். அல்லது அறுபதுகளில் பூசியதாகவும் இருக்கலாம். ஊர்ப்பெயர்ப் பலகை நம் ஊரில் சும்மா ஒரு பலகையாக இருந்ததில்லை. 1953 ஜூலை 15-இல் டால்மியாபுரம் ஸ்டேஷன் பலகையில் 'கல்லக்குடி' என்று தாள் ஒட்டிவிட்டுத்தான் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். இன்று அந்த ஸ்டேஷனின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம்.

எனக்கு உதவியாக இருந்த பையன் கேட்டான்: "அண்ணே, தாரையும் சேத்து எடுத்துடட்டா?" வேண்டாம் என்றேன். பாதி வரியைத் தார் தெரியும்படி விட்டு, பாதியை மட்டும் எழுதலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. சரி, மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் தார் மேல் நேராக எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் பத்தே நாளில் மஞ்சளைத் துளைத்துக்கொண்டு பழுப்பாக மேலே வரும், எத்தனை கோட்டிங் அடித்தாலும் வரும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷை இரண்டு கை அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும். தாருக்கு ஸ்பிரிட் ஒத்துக்காது, கரையாது, அடங்கிக் கிடக்கும். அந்தத் தார் இன்றும் அங்கேதான் உள்ளே இருக்கிறது.

எழுத்து

தமிழ்ப் பலகையில் வருஷத்தைக் காட்டிக்கொடுக்கிறது எழுத்துதான். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று எழுத்துகள் மாறின. அதற்கு முன்னால் லை எழுதினால் இணைக்கொம்பு முன்னால் தனியாக நிற்காது. எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஒட்டிக்கொண்டிருக்கும். னா எழுதினால் துணைக்கால் தனியாக வராது, எழுத்தின் வால் கீழே இறங்கிச் சுழிந்து நிற்கும். கம்ப்யூட்டர் எழுத்துருவில் தட்டினால் பெரும்பாலும் புது வடிவம்தான் வரும். அதைப் பிரிண்ட் எடுத்துப் பலகையில் ஒட்டி 1935 என்று சொன்னால், அறுபது வயதுக்காரர் ஒருவர் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்.

திருவண்ணாமலை என்ற பெயரில் இரண்டு இடம் மாறும், ணாவும் லையும். ஆனைமலை ரோட்டிலும் இரண்டு. நீலகிரி மலைப் பாதையில் அத்தனை ஸ்டேஷன் பெயர்களையும் நான் எழுதிப் பார்த்தேன். கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் எதிலும் பழைய வடிவம் வரவே வராது. மேட்டுப்பாளையம் ஒன்றில்தான் அந்த ளை. ஒரே ஒரு எழுத்துக்காக நான் இரண்டு நாள் அலைந்தேன். பழைய பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் பார்த்து, துதிக்கை எவ்வளவு உயரம் போகிறது, எங்கே மெலிகிறது என்று பத்துப் பதினைந்து தடவை வரைந்த பிறகுதான் கை ஒத்துக்கொண்டது.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். பழைய வடிவம் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் எல்லா ஐகாரத்துக்கும் துதிக்கை மாட்டிவிடுவார்கள். மதுரையில் ரை, கோவையில் வை, மணப்பாறையில் றை, இதெல்லாம் மாறவே இல்லை. அந்த நான்கு மெய்களோடு வரும் ஐகாரம் மட்டும்தான் மாறியது. அப்புறம், 1978 என்றதும் மறுநாளே எல்லாரும் மாறிவிடவில்லை. எங்கள் அப்பா எண்பதுகளிலும் கடை போர்டில் பழைய லைதான் போடுவார். உங்கள் வருஷம் 1982 என்றால் இரண்டில் எதுவும் சரி.

சொல்லையும் பாருங்கள். 'சந்திப்பு' இல்லை, 'ஜங்ஷன்'. மயிலாடுதுறை இல்லை, மாயவரம். ஆங்கிலத்தில் டிரிச்சினோபோலி, டாஞ்சூர், ஊட்டகமண்ட். வரிசையும் மாறும். இன்று தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று வருகிறது. நான் சுரண்டிப் பார்த்த சுதந்திரத்துக்கு முந்திய பலகைகளில் ஆங்கிலம்தான் மேலே உட்கார்ந்திருந்தது. ஆங்கில எழுத்து வளைவு நெளிவு இல்லாத கட்டை எழுத்து (block letter). சர்ச் பைபிள் மாதிரி எழுத்து எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, இப்போது பாரம்பரியம் என்றால் அதைத்தான் போடுகிறார்கள். ஓடும் ரயிலிலிருந்து படிக்க வேண்டிய பலகையில் யாராவது அப்படி எழுதுவார்களா?

எழுதும் முறை

மரப்பலகை என்றால் வெடிப்புகளுக்குச் சாக் பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து பட்டி பாருங்கள். இரும்பு என்றால் துரு எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை. பிறகு தளத்துக்கு எண்ணெய் எனாமல் இரண்டு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி, லேசாக வாட்டர் பேப்பர்.

கோடு போட நூலில் சாக்பீஸ் பொடி தேய்த்து இழுத்து ஒரு சுண்டு. ஆங்கிலத்துக்கு இரண்டு கோடு போதும். தமிழுக்கு நான்கு. நடு இரண்டு கோட்டுக்குள் எழுத்தின் உடம்பு, மேல் கோடு வரை 'ரி', 'தி' கொக்கிகள், கீழ்க் கோடு வரை 'டு', 'கு', 'னூ' வால்கள். என் கணக்கு: உடம்புக்கு ஐந்து பங்கு, மேலே இரண்டு, கீழே இரண்டு. இதை மறந்து ஆங்கில உயரத்துக்குச் சமமாகத் தமிழ் உடம்பை எழுதிவிட்டால், பழைய லையின் துதிக்கை சட்டத்தில் முட்டும். அகலத்துக்கும் தமிழ்தான் ராஜா. திருச்சிராப்பள்ளியை முதலில் தாளில் எழுதி அளந்துவிட்டு, அதற்கேற்ப ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பலகைக்கு முழு அளவுத் தாளில் எழுத்தை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, பலகையில் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளி புள்ளியாக இறங்கும். இரண்டு பிளாட்பாரத்துக்கு இரண்டு பலகை என்றால் இதுதான் வசதி. பிரஷ் அணில்வால் முடி, தட்டையானது. இடது கையில் குச்சி, அதன் நுனியில் துணி சுற்றிப் பலகையில் ஊன்றி, வலது மணிக்கட்டை அதன்மேல் வைத்து இழுக்க வேண்டும். எழுத்தை வெளிக்கோடு போட்டு உள்ளே நிரப்பாதீர்கள். அப்படி எழுதினால் வினைல் வெட்டி ஒட்டினது மாதிரி உயிரில்லாமல் இருக்கும். தடித்த கோடு ஒரே இழுப்பில் வர வேண்டும். முடிவில் பிரஷைத் திருப்பி எடுக்கிற இடத்தில் ஒரு சின்ன மூக்கு தெரியுமே, கையெழுத்துப் பலகைக்கு அதுதான் முகம்.

முடித்ததும் மேலே வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள். வெயிலில் நிற்கிற பலகைக்கு வேண்டாம். மஞ்சளாகி உரிந்துவிடும், உரியும்போது எழுத்தையும் சேர்த்து எடுக்கும்.

அதைவிட மோசமான ஆசை ஒன்று உண்டு: 'கொஞ்சம் பழசு மாதிரி தெரியணும், துரு எஃபெக்ட் கொடுங்க.' நான் செய்வதில்லை. 1935-இல் அந்த ஸ்டேஷன் பழசு இல்லை. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் போர்ட்டர் பலகையைத் துடைத்து, பித்தளை மணியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். பளிச்சென்று இருப்பதுதான் அந்தக் காலத்து உண்மை. துரு வேண்டும் என்றால் சும்மா விடுங்கள், மழை பார்த்துக்கொள்ளும்.

தகடும் வார்ப்பும்

இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பூச்சைச் சூளையில் உருக்கி ஏற்றிய எனாமல் பலகைகள் கிடைத்தால் பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, காய்ந்ததும் மெழுகு, அவ்வளவுதான். ஆசிட் கூடாது. மூலை உடைந்து துருப்பிடித்த இடத்தை மட்டும் துரு நிறுத்தி, தளத்தின் நிறத்தைவிட ஒரு துளி மங்கலாகத் தொட்டு வையுங்கள், எது பழசு எது நீங்கள் வைத்தது என்று பிற்பாடு தெரியட்டும். மாட்டும்போதுதான் இவை உடையும். திருகாணிக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் அல்லது தோல் வாஷர் போட்டு, கையால் இறுக்குங்கள். டிரில் மெஷினால் இறுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், நூறு வருஷம் போச்சு.

புடைத்த எழுத்துள்ள வார்ப்பிரும்புப் பலகைக்கு எழுத்தைச் சுற்றிப் பிரஷால் மல்லுக்கட்ட வேண்டாம். முழுதும் தள நிறம் அடித்துக் காயவிட்டு, கெட்டியான சின்ன ரப்பர் ரோலரில் மிகக் குறைவாகப் பெயிண்ட் எடுத்து மேலாக ஒரு ஓட்டு. மேடு மட்டும் நிறம் வாங்கிக்கொள்ளும்.

சுண்ணாம்புச் சுவரில் எழுத வேண்டியிருந்தால் இரண்டு விஷயம். பூச்சு உரிந்த இடத்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள், சுண்ணாம்பால் அடையுங்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, சுற்றியுள்ள பழைய பூச்சையும் தள்ளிவிடும். அப்புறம், புதுச் சுண்ணாம்பின் மேல் எண்ணெய்ப் பெயிண்ட் நிற்காது. காரம் எண்ணெயைச் சவுக்காரமாக்கி வழுக்கிவிடும். மாதக்கணக்கில் காத்திருங்கள், அல்லது தனிப் பலகையில் எழுதி மாட்டுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

எழுதக் கூடாதவை

ஒரு ஸ்டேஷனில் சாப்பாட்டு அறை நிலைக்கு மேலே சுரண்டியபோது 'பிராமணாள்' என்று வந்தது. எதிர்ப்பக்கம் 'இதராள்'. ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளை அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள், அதை எதிர்த்துச் சண்டை போட்டுத்தான் எடுக்க வைத்தார்கள். அசலாக இருக்கிறதே, திரும்ப எழுதிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வருஷத்துக்கு நேர்மையாக இரு என்று இவ்வளவு நேரம் பேசியவன் நான்தான். ஆனாலும் அதை நான் எழுத மாட்டேன். புதுப் பெயிண்டில் பளபளவென்று எழுதி, அதன் கீழே இன்றைக்கு ஒருவர் இட்லி சாப்பிடுவது அலங்காரம்தான், வரலாறாகாது. கிடைத்த எழுத்தைத் தொடாமல் படம் எடுத்தோம், அளந்தோம், மேலே சுண்ணாம்பு நீர் அடித்து மூடினோம். வேண்டும்போது கழுவி எடுத்து, பக்கத்தில் விவரம் எழுதிக் காட்டலாம்.

இன்னொரு பக்கம் இன்றைக்கு வேண்டிய பலகைகள்: அவசர வழி, தீயணைப்பான், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை. இவற்றுக்குப் பழைய வேஷம் போடாதீர்கள். இன்றைய நிறத்தில், இன்றைய எழுத்தில், பழைய பலகையோடு ஒட்டாமல் தனியாக நிற்கட்டும். அதேபோல ரயில் ஓடுகிற ஸ்டேஷனில் பிளாட்பார முனையில் நிற்கும் மஞ்சள் பெயர்ப்பலகை ரயில்வேயின் விதிப்படி நிற்பது. உங்கள் 1935-ஐ அதில் காட்ட வேண்டாம். கட்டடத்துக்குள், வெயிட்டிங் ரூமில், பழைய டிக்கெட் ஜன்னலில் எழுதுங்கள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. மேலே மின்கம்பி ஓடும் பாதை என்றால் அலுமினிய ஏணி, நீண்ட ஸ்கேல் எதுவும் கிட்டே போகக் கூடாது. அது 25,000 வோல்ட். இரண்டு மீட்டர் தள்ளி நில் என்பார்கள், நான் ஐந்து மீட்டர் நிற்பேன்.

கடைசி வேலை, பலகையின் முதுகு. மாட்டுவதற்கு முன்னால் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, எந்த வருஷத்தைப் பார்த்து எழுதியது, எந்த நிறத்தில் எதை எத்தனை பங்கு கலந்தது, கீழே என்ன பூச்சு இருந்தது. பால்பாயிண்ட் மை வெளுத்துவிடும், பென்சில் நிற்கும். ஒரு தேக்குப் பலகையின் வருஷம் தெரியாமல் நான் ஒரு வாரம் திண்டாடினேன். கம்பெனிப் பெயர் இல்லை, உயரம் இல்லை, படம் இல்லை. சுவரிலிருந்து இறக்கித் திருப்பியபோது முதுகில் எவரோ ஒரு பெயிண்டர் டீக்கணக்கு எழுதியிருந்தார். டீ, பன், பீடி, எதிரே அணா, தம்பிடி. நாலணா எட்டணா என்று பேச்சில் சொல்வது 1957-க்கு அப்புறமும் ஓடியதுதான். ஆனால் கடன் கணக்கில் ஓரணா மூன்று தம்பிடி என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

பலகைக்கு 1957-க்கு முன்னால் என்று போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். அந்தக் கணக்கின் மேல் மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை.